ஹன்னா கௌலியின் நாடகமும் அதன் மறுபிறப்பும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் மேடைக்கென எழுதப்பட்ட ஹாஸ்ய நாடகங்களுள் இன்றளவும் இடையறாமல் நடிக்கப்பட்டு வருபவை எவை என்று எண்ணிப் பார்த்தால், ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் ‘ஷீ ஸ்டூப்ஸ் டு காங்கர்’ (1773), ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடனின் ‘தி ரைவல்ஸ்’ (1775), ‘தி ஸ்கூல் ஃபார் ஸ்காண்டல்’ (1777) ஆகிய மூன்றோடு கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அம்மூன்றின் மேன்மையை எவரும் மறுக்கார். ஆயினும், டுரூரி லேன், கோவென்ட் கார்டன் என்ற இரு பெரும் அரங்குகளும் பருவந்தோறும் எத்தனையோ நாடகங்களை மாறிமாறி ஆடிவந்த அக்காலத்தில், கூடியிருந்த ஜனங்களை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்த ஏனையவை யாவும் தகுதிக் குறைவினால்தான் மறைந்தன என்று கொள்வது காலத்தின் தீர்ப்பை அளவுக்கு மீறி நம்புவதாகும்.

அவ்வாறு மறைந்தவற்றுள் ஒன்று, 1780-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் கோவென்ட் கார்டனில் அரங்கேறி, முதற் பருவத்திலேயே இருபத்தெட்டு இரவுகள் ஆடப்பெற்று, சார்லட் மகாராணிக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்ட ‘தி பெல்ஸ் ஸ்ட்ராட்டஜெம்’. அழகியின் தந்திரம் என்று நாம் அழைக்கத்தக்க இந்த ஐந்து அங்க நாடகம் நூறாண்டுக்கு மேல் மேடையில் வாழ்ந்து, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வழக்கொழிந்து, நம் நூற்றாண்டில் மீண்டும் உயிர்பெற்றிருக்கிறது. ஒரு ஹாஸ்ய நாடகம் எவ்வாறு மறக்கப்படுகிறது, மறக்கப்பட்டதை மீட்போர் எவ்வெவ் வழிகளைக் கையாளுகிறார்கள், அவற்றுள் எது நிலைக்கத்தக்கது என்னும் வினாக்களுக்கு இந்நாடகத்தின் சரித்திரம் தெளிவான விடைகளைத் தருகிறது. நாடகம் ஒரே நாளில் மறக்கப்படுவதில்லை. முதலில் குறைக்கப்படுகிறது, குறைந்த உருவிலேயே சிறிது காலம் புகழ்பெறுகிறது, பின்னரே மறைகிறது. ஆகையால் புத்துயிர் அளிப்போரின் முதற் கடமை, வெட்டப்பட்டதை மீண்டும் ஒட்டவைத்து முழுமையைக் காண்பதே என்பது என் துணிபு.

ஆசிரியையும் நாடகமும்

ஹன்னா கௌலி 1743-இல் டெவன் மாவட்டத்து டிவர்ட்டன் என்னும் ஊரில் ஒரு புத்தக வியாபாரியின் மகளாகப் பிறந்தவர். ஒருநாள் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கையில், இவ்வளவு தம்மாலும் எழுத முடியும் என்று கணவரிடம் சொல்லி, அவர் சிரித்ததையே தூண்டுதலாகக் கொண்டு எழுதத் தொடங்கினார் என்று ஒரு கதை வழங்குகிறது. அவருடைய முதல் நாடகமான ‘தி ரன்னவே’யை, மகா நடிகரான டேவிட் காரிக் மேடையிலிருந்து ஓய்வு பெற்ற அதே 1776-ஆம் ஆண்டில் டுரூரி லேனில் அரங்கேற்றினார். கணவர் தாமஸ் கௌலி 1783-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தில் இந்தியாவுக்குச் சென்று, 1797-இல் தாயகம் திரும்பாமலே காலமானார். அந்த நீண்ட பிரிவின்போது குழந்தைகளை வளர்த்துக்கொண்டே லண்டன் மேடைக்கு நாடகங்கள் எழுதிக்கொடுத்த இந்த அம்மையார், வாழ்வின் இறுதியில் பிறந்த ஊருக்கே திரும்பி 1809-இல் மறைந்தார்.

‘அழகியின் தந்திர’த்தின் பெயரே ஜார்ஜ் ஃபார்க்கரின் 1707-ஆம் ஆண்டு நாடகமான ‘தி போ ஸ்ட்ராட்டஜெ’த்துக்கு விடை சொல்வதாக அமைந்தது: அங்கே சூழ்ச்சி செய்வோர் ஆடவர், இங்கே ஒரு பெண். லெட்டீஷியா ஹார்டிக்கும் டோரிகோர்ட்டுக்கும் இளம்பருவத்திலேயே பெற்றோர் விவாகம் நிச்சயித்துவிட்டனர். ஐரோப்பிய யாத்திரை முடித்துத் திரும்பிய டோரிகோர்ட் அவளைக் கண்டு, அழகுண்டு, ஆயினும் ஜீவனில்லை என்று கருதிவிடுகிறான். அவனுடைய அலட்சியத்தை உணர்ந்த லெட்டீஷியா, அலட்சியத்தைக் காதலாக மாற்றுவதைவிட வெறுப்பைக் காதலாக மாற்றுவது எளிது என்று தர்க்கபூர்வமாக முடிவுகட்டி, அவன் முன்னே நாகரிகமறியாத நாட்டுப்புறத்துப் பெண்ணாக நடித்து வெறுப்பை முற்றவைக்கிறாள். பின்னர் ஒரு முகமூடி நடனக் கேளிக்கையில் யாரென்றறியாத மங்கையாகத் தோன்றி அவன் நெஞ்சைப் பறித்துக்கொள்கிறாள். விவாகத்திலிருந்து தப்பப் பித்தனாக வேஷமிடும் அவனை, லெட்டீஷியாவின் தந்தை மரணப்படுக்கையில் கிடப்பதாகப் பொய் சொல்லி மணமேடைக்கு இழுத்துவருவதும், மணமான பின் முகமூடி மங்கையே தன் மனைவி என்று அவன் அறிவதும் கதையின் முடிவு.

இதனோடு சரிசமமாக இன்னொரு கதையும் ஓடுகிறது. ஸர் ஜார்ஜ் டச்வுட் என்பவன் கிராமத்தில் வளர்ந்த தன் இளமனைவி லேடி ஃபிரான்ஸஸை நகரத்தின் கண்ணிலிருந்தே ஒளித்துவைக்க விரும்புகிறான். மிஸஸ் ராக்கிட் என்னும் விதவையும் அவளுடைய தோழியும் அப்பெண்ணை வெளியுலகத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். நாகரிக மங்கை என்பவள் யார் என்ற பொருளில் மிஸஸ் ராக்கிட்டும் ஸர் ஜார்ஜும் நடத்தும் வாக்குவாதத்தில், நகரமே குலமும் தரமும் கலந்துபோன ஒரு முகமூடிக் கூட்டம் என்று அவன் குமுறுகிறான். அந்தக் குமுறல் பின்னர் மேடையில் மெய்யாகிறது. கோர்ட்டால் என்னும் தூர்த்தன் ஸர் ஜார்ஜின் உடையைப்போன்ற வேஷத்தில் வந்து லேடி ஃபிரான்ஸஸைக் கவர்ந்துசெல்ல முயல, ஸாவில் என்னும் நேர்மையாளன் கிட்டி வில்லிஸ் என்ற பொதுமகளை லேடி ஃபிரான்ஸஸின் வேஷத்தில் நிறுத்தி அச்சதியை முறியடிக்கிறான். ஒரே முகமூடி ஒருத்திக்குச் சுதந்திரத்தின் வாயிலாகவும் மற்றொருத்திக்கு அபாயத்தின் வாயிலாகவும் அமைவதே இந்நாடகத்தின் சிற்பம். இரண்டில் ஒன்றை நீக்கினால் மற்றொன்றின் அர்த்தமும் பாதியாகிவிடும்.

மறதியின் படிகள்

நீக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டு. முதற் காரணம் அரங்குகளின் விரிவு. 1737-ஆம் ஆண்டின் அனுமதிச் சட்டத்தின் பயனாக வசன நாடகம் ஆடும் உரிமை லண்டனில் இரண்டு அரங்குகளுக்கே பெரும்பாலும் உரியதாயிருந்தபடியால், ஜனத்தொகை பெருகப் பெருக அவ்விரண்டும் விரிவாக்கப்பட்டன. 1794-இல் புதிதாக எழுந்த டுரூரி லேன் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட மாபெரும் மண்டபமாயிற்று. புருவத்தின் அசைவாலும் விசிறியின் திருப்பத்தாலும் பொருள் சொல்லும் சம்பாஷணை ஹாஸ்யத்துக்கு இத்தகைய மண்டபம் உகந்ததன்று; காட்சி ஜாலங்களும் உரத்த உணர்ச்சிகளும் நிறைந்த மெலோடிராமாவுக்கே அது உகந்தது.

இரண்டாவது காரணம் நட்சத்திர நடிகர்களின் ஆதிக்கம். ஹென்றி இர்விங் 1866-இல் ஸெயின்ட் ஜேம்ஸ் அரங்கில் டோரிகோர்ட்டாகத் தோன்றி லண்டன் ரசிகர்களின் கவனத்தைக் கவர்ந்தார். பின்னர் 1881-இல் லைஸியம் அரங்கில், எல்லன் டெர்ரி லெட்டீஷியாவாக நடிக்க, டென்னிஸனின் ‘தி கப்’ நாடகத்தோடு ஒரே இரவில் இணைத்து ஆடுவதற்கேற்ப இதைச் சுருக்கி வழங்கினார். அமெரிக்காவில் அகஸ்டின் டேலியும் நடிகை ஆடா ரீஹனுக்காக இதைச் சுருக்கியே மேடையேற்றினார். மேதாவிகளான இந்நடிகர்களின் திறமையால் லெட்டீஷியாவின் புகழ் ஓங்கியதெனினும், டச்வுட் தம்பதியும் மிஸஸ் ராக்கிட்டும் ஒதுங்கிப்போனார்கள். கணவனின் பொறாமையையும் பொதுமகளின் தோற்றத்தையும் உள்ளடக்கிய பகுதி விக்டோரியா காலத்து ஒழுக்க உணர்ச்சிக்குச் சங்கடமாயிருந்ததும் இந்த வெட்டுக்குத் துணைசெய்திருக்கும். விளைவு யாதெனில், பல பெண்களின் வாழ்க்கையை ஒப்பிட்டுக் காட்டிய ஒரு நாடகம், ஒரு நடிகையின் சாமர்த்தியத்தைக் காட்டும் வாகனமாகச் சுருங்கிவிட்டது. வாகனத்தில் ஏறிய நடிகை ஓய்வு பெற்றதும் வாகனமும் கொட்டகைக்குப் போயிற்று.

மூன்றாவது காரணம் இலக்கிய சரித்திரக்காரர்களின் மௌனம். மேடையிலிருந்து விலகிய நாடகம் பாடப்புத்தகங்களிலேனும் தங்கியிருந்தால் ஒருநாள் ஒரு மாணவன் கண்ணில் படும். இக்காலத்தைப் பற்றிய நூல்களோ கோல்ட்ஸ்மித்தையும் ஷெரிடனையும் மட்டுமே ஹாஸ்யத்தின் பிரதிநிதிகளாக நிறுத்தி, ஹன்னா கௌலி, எலிஸபெத் இஞ்ச்பால்ட், நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய சுஸன்னா ஸென்ட்லிவர் ஆகிய பெண் ஆசிரியர்களை அடிக்குறிப்புகளில் ஒதுக்கிவைத்தன. கோல்ட்ஸ்மித்தின் நாயகி பணிப்பெண்ணாக வேஷமிட்டுக் காதலனை வெல்வதை உலகமே அறிந்திருக்க, அவளுக்கு ஏழாண்டு பின்வந்த லெட்டீஷியா அதைவிட அபாயமான ஆட்டம் ஆடியதை அறிந்தோர் சிலரேயாயினர்.

மூலப் பிரதிகளின் விஷயம்

மீட்க விழைவோர் முதலில் எதிர்கொள்ளும் வினா, எந்தப் பிரதியை நம்புவது என்பதாகும். அக்காலத்தில் வெற்றிபெற்ற நாடகத்தின் பிரசுர உரிமையை அரங்கின் உரிமையாளரே விலைக்கு வாங்கி, போட்டி அரங்கினர் ஆடிவிடாதபடி அச்சிடாமல் வைத்துக்கொள்வதுண்டு. ‘அழகியின் தந்திரம்’ 1780-இல் ஆடப்பட்டும், டப்ளினில் 1781-இல் அனுமதியற்ற பதிப்பு ஒன்று வந்த பின்னரே, 1782-இல் லண்டனில் முறையான பதிப்பு வெளிவந்தது. ஆசிரியை மறைந்தபின் 1813-இல் மூன்று தொகுதிகளாக வந்த அவருடைய நூல்களில் அவரே பிற்காலத்தில் செய்த திருத்தங்களும் இடம்பெற்றன. இவற்றைத் தவிர, அரசாங்கத் தணிக்கை அதிகாரிக்கு அனுமதி வேண்டிச் சமர்ப்பிக்கப்பட்ட கையெழுத்துப் பிரதிகளும் உண்டு. 1778 முதல் 1824 வரை அப்பதவி வகித்த ஜான் லார்ப்பெண்ட்டின் பெயரால் அப்பிரதிகளின் பெருந்தொகுப்பு கலிஃபோர்னியாவில் ஹண்டிங்டன் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. குடிமக்களின் சிரிப்பைக் கண்காணிக்க இயற்றப்பட்ட சட்டம், சிரிக்கவைத்த நாடகங்களைப் பாதுகாத்துத் தந்த பெட்டகமாகவும் அமைந்தது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

மேடையில் வென்ற வடிவம் வேண்டுமெனில் 1782-ஆம் ஆண்டுப் பதிப்பையே அடிப்படையாகக் கொள்ளுதல் தகும். முதுமையில் ஆசிரியை செய்த திருத்தங்கள் வாசிப்பவரை மனத்திற் கொண்டவை. முந்தைய வசனங்களோ ரசிகர்களின் மூச்சோடு மோதிப் பதம் பெற்றவை. எவ்வாறாயினும், நடிகருக்கான சுருக்கப் பதிப்பொன்றைக் கையில் எடுத்து அதையே மூலமென்று நம்புவது, மறதியின் வேலையை நாமே தொடர்ந்து செய்வதாகும்.

நான்கு வழிகள்

பதினெட்டாம் நூற்றாண்டு ஹாஸ்யங்களை மேடைக்கு மீட்டோர் கையாண்ட வழிகளை நான்காகப் பகுக்கலாம்.

முதல் வழி, பழைய அரங்கச் சூழலையே மீட்பது. 1766-இல் திறக்கப்பட்ட பிரிஸ்டல் அரங்கும், யார்க்‌ஷயரின் ரிச்மண்டில் 1788-இல் கட்டப்பட்ட ஜார்ஜிய அரங்கும் இன்றும் நிலைத்திருக்கின்றன. 1819-இல் எழுந்த பரி ஸெயின்ட் எட்மண்ட்ஸ் அரங்கு 2007-இல் செப்பனிடப்பட்டுத் திறக்கப்பெற்றபின், அந்தக் காலத்து நாடகங்களைத் தேடி ஆடும் முயற்சியும் அங்கே தொடங்கிற்று. மெழுகுவர்த்தி ஒளியில் நடிகரும் ரசிகரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்த அரங்குகளுக்காக எழுதப்பட்ட நாடகங்களில், பாத்திரம் திரும்பிச் சபையிடம் பேசும் தனிமொழிகளும் ஒதுக்குமொழிகளும் இயல்பான உரையாடலாயிருந்தன. ரசிகர்கள் இருளில் அமர்த்தப்பட்ட பிறகே அவை செயற்கையாகத் தோன்றலாயின. சிறு அரங்கில் இக்குறை தானே நீங்கிவிடுகிறது.

இரண்டாவது வழி, ஒரே நாடகத்தைத் தலைமுறைகள் தோறும் விடாமல் வளர்ப்பது. கார்லோ கோல்டோனி 1740-களில் எழுதிய ‘இரண்டு எஜமானர்களின் வேலைக்காரன்’ நாடகத்தை ஜார்ஜோ ஸ்ட்ரேலர் 1947-இல் மிலான் நகரத்து பிக்கோலோ அரங்கில் மேடையேற்றி, பல்லாண்டுகளில் பலமுறை புதுப்பித்தார். அந்த வேலைக்காரனான ஆர்லெக்கினோவின் வேஷத்தை மார்செல்லோ மொரெட்டி ஏற்றிருந்தார். அவருக்குப் பின் ஃபெருச்சோ ஸொலேரி அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதே வேஷத்தைத் தாங்கினார். மறைந்துபோன முகமூடி நடிப்புக் கலையை ஒரு நடிகனிடமிருந்து இன்னொரு நடிகன் உடலாற் கற்றுக்கொண்ட இந்தப் பரம்பரை, மீட்சி என்பது ஓரிரவு விழாவன்று என்பதை உணர்த்துகிறது.

மூன்றாவது வழி, காலத்தையும் இடத்தையும் மாற்றுவது. அதே கோல்டோனியின் நாடகத்தை ரிச்சர்ட் பீன் 1963-ஆம் ஆண்டு பிரைட்டன் நகரத்துக்கு மாற்றி எழுதிய ‘ஒன் மேன், டூ கவ்னர்ஸ்’, 2011-இல் லண்டன் தேசிய அரங்கில் மகத்தான வெற்றி பெற்றது. இவ்வழியில் சிரிப்பு நிச்சயம். ஆயினும் பழைய ஆசிரியரின் சமூகம் மறைந்து சூழ்ச்சியின் எலும்புக்கூடு மட்டும் எஞ்சுகிறது. பசியால் வாடும் வேலைக்காரன் எக்காலத்துக்கும் உரியவனாதலால் கோல்டோனிக்கு இது பொருந்திற்று. விவாக ஒப்பந்தமும் குடும்ப கௌரவமும் கட்டிவைத்த கௌலியின் பெண்களுக்கு அவர்களுடைய காலமே கதையின் விலங்காயிருப்பதால், அவ்விலங்கைக் கழற்றிவிட்டால் அவர்களுடைய தந்திரத்துக்கு வேலையே இராது.

நான்காவது வழி, பழைய நாடகத்தை அதற்கு விடை சொல்லும் புது நாடகத்தின் அருகே நிறுத்துவது. ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகள் 1789 ஜூன் மாதத்தில் ஸிட்னியில் ஃபார்க்கரின் ‘தி ரெக்ரூட்டிங் ஆஃபீஸர்’ நாடகத்தை ஆடினர். அச்சம்பவத்தை வைத்து டிம்பர்லேக் வெர்ட்டன்பேக்கர் 1988-இல் எழுதிய ‘அவர் கன்ட்ரீஸ் குட்’, மாக்ஸ் ஸ்டாஃபோர்ட்-கிளார்க்கின் இயக்கத்தில் ராயல் கோர்ட் அரங்கில் ஃபார்க்கரின் நாடகத்தோடு ஜோடியாக ஆடப்பட்டது. ஹாஸ்யம் யாருக்குரியது, எதற்குரியது என்னும் வினாவை ரசிகர்கள் உள்ளத்தில் எழுப்ப இதைவிட உயர்ந்த உபாயம் அரிது.

இந்நான்கையும் தாண்டி, மூலத்தையே நம்பி ஆடும் நேர்வழியும் வெல்லும் என்பதற்குச் சிறந்த சான்று ஜான் ஓ’கீஃபின் ‘வைல்ட் ஓட்ஸ்’. 1791-இல் அரங்கேறிய இந்நாடகத்தை ராயல் ஷேக்ஸ்பியர் கழகத்தார் 1976-இல் கிளிஃபர்ட் வில்லியம்ஸின் இயக்கத்தில், ஆலன் ஹவர்ட் ஊர்சுற்றும் நடிகன் ரோவராக நடிக்க, ஆல்ட்விச் அரங்கில் ஆடியபோது, ஒதுக்கப்பட்டிருந்த நூல் ஊர்ப்பேச்சாயிற்று. அதன் பின் தேசிய அரங்கிலும், 2012-இல் புதுப்பிக்கப்பட்ட பிரிஸ்டல் அரங்கின் திறப்பிலும் அது ஆடப்பட்டது.

லெட்டீஷியா திரும்பி வந்த விதம்

கௌலியின் நாடகத்துக்கு நம் நூற்றாண்டில் கிடைத்த வாழ்வு இந்த நேர்வழியையே பெரிதும் தழுவியது. டேவிஸ் மக்காலம் 2003-இல் நியூயார்க்கிலும் 2005-இல் ஆரெகன் ஷேக்ஸ்பியர் விழாவிலும் இதை இயக்கினார், ஜெஸிகா ஸ்வேல் 2011-இல் லண்டன் ஸதர்க் பிளேஹவுஸ் என்னும் சிற்றரங்கில் ஆடி, அடுத்த ஆண்டில் ஸென்ட்லிவரின் ‘தி பிஸி பாடி’யையும் மேடையேற்றினார், 2018-இல் டோனி கௌனி எடின்பரோவின் லைஸியம் அரங்குக்காகக் கதையை லண்டனிலிருந்து அதே நூற்றாண்டின் எடின்பரோவுக்கு மாற்றினார். இடத்தை மாற்றியும் காலத்தை மாற்றாத இந்த விவேகம் பாராட்டத்தக்கது: வம்புப் பேச்சு வாசல்தோறும் பரவும் ஒரு நகரமும், பெண்ணின் பெயரே அவளுடைய ஆஸ்தியாயிருந்த ஒரு காலமும் இருக்கும்வரை நாடகத்தின் யந்திரம் பழுதின்றி இயங்கும்.

இயக்குவோரைச் சோதிக்கும் இடங்களும் இதில் உண்டு. முகமூடிக் கேளிக்கையில் லெட்டீஷியாவின் தந்தை ஹார்டி, ஷெரிடனின் ‘தி டுயென்னா’ நாடகத்து யூதப் பாத்திரமான ஐஸக் மெண்டோஸாவின் வேஷத்தில் வருகிறார். முதல் ஆட்டத்தில் ஹார்டியாக நடித்த ஜான் குவிக்கே 1775-இல் மெண்டோஸாவாகவும் நடித்துப் புகழ்பெற்றவராதலால், அன்றைய சபை தன் அபிமான நடிகனின் பழைய வேஷத்தைக் கண்டு ஆரவாரித்திருக்கும். இன்றோ அந்தச் சந்தர்ப்பச் சிரிப்பு இறந்துவிட்டது. ஓர் இனத்தாரை ஏளனம் செய்யும் கசப்பு மட்டுமே எஞ்சியிருக்கிறது. நாடகத்தின் கட்டுமானத்தைத் தாங்காத இத்தகைய நகையை நீக்குவதில் பிழையில்லை.

கிட்டி வில்லிஸ் விஷயம் வேறு. பெருமாட்டியும் பொதுமகளும் ஒரே உடையில் நின்றால் ஆடவனால் வேறுபாடு காண இயலவில்லை என்னும் உண்மை, கோர்ட்டாலை மட்டுமன்றி அந்தச் சமூகம் முழுவதையும் வெட்கச்செய்வது. அதை மென்மையாக்குவது ஆசிரியையின் கூர்மையை மழுங்கச் செய்வதாகும். அவ்வாறே, தான் எவ்விதமான மனைவியாகவும் இருக்க வல்லவள் என்று லெட்டீஷியா இறுதியில் கூறும் இடத்தை அடக்கத்தின் வெளிப்பாடாக நடிக்கலாம். தன் ஆற்றலை முற்றும் அறிந்த ஒருத்தியின் எச்சரிக்கையாகவும் நடிக்கலாம். மிஸஸ் ராக்கிட்டும் லேடி ஃபிரான்ஸஸும் குறைக்கப்படாமல் மேடையில் நின்றிருந்தால், இரண்டாம் பொருளே ரசிகர் மனத்தில் ஓங்கும். அவர்களை வெட்டிவிட்டால் முதற் பொருளே மிஞ்சும். ஆகவே உபகதை என்று ஒதுக்கப்பட்ட பகுதியே நாயகியின் பெருமையைத் தாங்கி நிற்கிறது.

முடிவுரை

வெட்டே கூடாது என்பது என் கருத்தன்று. முகவுரைப் பாட்டும் இறுதிப் பாட்டும் இசையும், கடைசியில் ஒரு சிறு நாடகமும் சேர்ந்து நீண்ட இரவை நிரப்பிய காலத்து வழக்கம் இன்று நடைமுறைக்கு ஒத்துவராது. மடிந்த குறிப்புகளையும் மீண்டும் மீண்டும் வரும் உபசார வசனங்களையும் களைவது கத்தரிக்கோலின் நியாயமான உபயோகமே. ஆயினும் வசனத்தைக் குறைப்பது வேறு, பாத்திரங்களின் உறவைக் குறைப்பது வேறு. முன்னது நாடகத்தை நம் காலத்துக்கு விரைந்து கொண்டுவருகிறது; பின்னது அதை மீண்டும் மறதியின் வழியில் அனுப்பிவைக்கிறது.

ஒருமுறை மேடையேறி, பத்திரிகைகளில் ஆச்சரியமான கண்டுபிடிப்பு என்று போற்றப்பட்டு, மறுபடியும் அலமாரிக்குத் திரும்பும் நாடகம் மீட்கப்பட்டதாகாது. கோல்ட்ஸ்மித்தின் நாடகம் வாழ்வதற்குக் காரணம், ஒரு குழு தவறாக நடித்தாலும் அடுத்த குழு திருத்தி நடிக்கும் என்ற நம்பிக்கை அதற்கு நிலைபெற்றிருப்பதே. கௌலியின் நாடகத்துக்கும் அந்த உரிமை வேண்டும்: நடிப்புக் கல்லூரிகளின் பாடத்தில் இடமும், மலிவான முழுப் பதிப்பும், சிற்றரங்கு முதல் தேசிய அரங்கு வரை மாறுபட்ட இயக்குநர்களின் கையில் பலமுறை சோதிக்கப்படும் வாய்ப்பும் வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்குள் நான்கு இயக்கங்கள் கண்டு, ஒவ்வொன்றிலும் புதிய சபையைச் சிரிக்கவைத்துவிட்ட இந்த நாடகம், அபூர்வப் பொருளாகக் காட்டப்படும் நிலையைக் கடந்துவிட்டது. கோல்ட்ஸ்மித்துக்கும் ஷெரிடனுக்கும் நிகரான இருக்கையை அதற்கு அளிக்கவேண்டியது இனி அரங்குகளின் தயையன்று, கடமை.